வசந்தா டீச்சரின் வயிற்றுக்கட்டு

பத்தாம் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை கதவருகே வந்து, உள்ளே வராமல் நின்று, "வசந்தா போயிட்டாங்க டீச்சர்" என்றார். கையிலிருந்த புத்தகத்தில் அடுத்த வரியையும் வாசித்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று மாலைக்குள் அரிமளம் கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் இருந்தது பழைய படம், நூற்றுப்பத்துக் கிலோ வசந்தா. இளைத்த பிறகு அவர் தன்னைப் படம் எடுக்க யாரையும் விட்டதில்லை. எந்த உடம்பிலிருந்து வெளியேற அத்தனை பாடுபட்டாரோ, அதே உடம்போடுதான் ஊர் அவரை வழியனுப்பியது.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை பார்த்த நமக்கும் அந்தப் பாடு தெரியும். சர்க்கரை ஏறி, மூட்டு தேய்ந்து, மாடி வகுப்புக்குப் போக முடியாமல் ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். மறுநாளே கண்மாய்க் கரையில் நடக்கத் தொடங்கிவிட்டார். சோற்றை ஒரு கைப்பிடியாகக் குறைத்தார். கல்யாணப் பந்தியில்கூடக் கூட்டும் பொரியலும் மட்டும் தின்று எழுந்தார். இரண்டு ஆண்டில் நாற்பத்தைந்து கிலோ இறங்கியது. நாம் என்ன செய்தோம்? "உடம்புக்கு முடியலையா டீச்சர், மொகமெல்லாம் இப்பிடி ஒட்டிப்போச்சே" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தோம். நானும் விசாரித்தேன்.

உடம்பு வற்றியது, தோல் வற்றவில்லை. அடிவயிற்றுத் தோல் தொடைவரைக்கும் மடிந்து தொங்கியது. ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒருநாள், "கணக்கப் போட்டு முடிச்சிட்டேன் டீச்சர், மீதிதான் வயித்துல தொங்குது" என்று சிரித்தார். மடிப்புக்குள் வேர்வை தங்கி எரிவதையும், கொசுவம் செருகப் படும் அவஸ்தையையும் அதே சிரிப்போடு சொன்னார்.

திருச்சியில் ஒரு டாக்டரைப் பார்த்திருந்தார். தொங்கும் தோலை வெட்டியெடுத்துத் தைத்துவிடலாம், சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, சில வாரம் ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் உன் இஷ்டம் என்று ஒதுங்கிக்கொண்டார். மகள் துபாயில். ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். அதைக் கேட்கத்தான் பேச்சையே எடுத்திருக்கிறார். "நீங்க வந்து இருந்தீங்கன்னா தைரியமாப் படுத்துருவேன்" என்றார்.

என் வாய் உங்களுக்குத் தெரியும். "பேரன் எடுக்குற வயசுல வயித்தச் சீர்பண்ணி யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யாருக்கும் காட்ட இல்ல டீச்சர். ஒருநாளாச்சும் எரியாம உக்காரணும்" என்றார்.

அதை நான் காதில் வாங்கவில்லை. கத்தி வைத்தால் சர்க்கரை உடம்பு ஆறாது என்று, டாக்டருக்கே தெரியாததுபோல, பயமுறுத்தினேன். பிள்ளை பெற்ற வயிற்றை நாமெல்லாம் துணி கட்டித்தானே சுருக்கினோம், அதுபோல இறுக்கிக் கட்டுங்கள், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றேன். பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். பெற்ற வயிறு வேறு, இது வேறு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் கட்டினார். பங்குனி வெயிலில், மின்விசிறி ஓடாத வகுப்பறையில், நாள் முழுக்கக் கட்டியிருந்தார். அருகில் வந்தால் பவுடர் வாசம் தூக்கலாக அடித்தது. இளைத்ததும் மினுக்கு வந்துவிட்டது என்று மனதுக்குள் கேலி செய்தேன். புண்ணின் வாடையை மறைக்கத்தான் அப்படிப் பூசியிருக்கிறார். அவர் காய்ச்சலில் விழுந்து, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

நர்ஸ் துணியை நனைத்து நனைத்துப் பிரித்தார். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். "யாரும்மா இப்பிடிக் கட்டச் சொன்னது?" என்று கேட்டார். கட்டிலருகே நான் நின்றிருந்தேன்.

"நானாத்தாங்க கட்டினேன்" என்றார் வசந்தா டீச்சர்.

எதற்கும் முந்திக்கொள்ளும் என் வாய் அப்போது திறக்கவில்லை. நான்காம் நாள் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு ஆறுதலாக இருந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்று அழுதாள். அவளிடமும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதியதால் எதுவும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

இரக்கத்துக்கு மார்க் கிடையாதுடா என்று பிள்ளைகளிடம் சொல்லி, அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாதவர், எனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதைச் சொன்னபோது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.