காய்ந்ததும் வெந்ததும்

தையல்நாயகி பூனையை மடியில் மல்லாத்தி, அடிவயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். மூத்திரப்பை கல்லாக இருந்தது. இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. பெரியாஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவளுக்கு இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை.

தறியில் ஏற்றக் கஞ்சி போட்டு வைத்த பட்டுப் பாவு நூலை எலி கடிக்காமல் காப்பது அந்தப் பூனைதான். ஆனால் அது சைவ வீடு. காய்ந்ததுக்குத் தீட்டில்லை என்று தம்பி கைலாசம் கருவாட்டை மட்டும் கொல்லையில் அனுமதித்திருந்தான். வருஷக்கணக்காகப் பூனைக்கு அந்த உப்புக் கருவாட்டைத் தவிர வேறொன்றும் வைத்ததில்லை. தண்ணீரும் அதிகம் குடிக்காது.

தையல்நாயகி கடைத்தெருவில் ஏரிமீன் வாங்கி வந்தாள். கொல்லையில் மூன்று செங்கல் வைத்து, உப்பில்லாமல், தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்தாள்.

கைலாசம் தறியை விட்டு எழுந்து வந்தான். "என்னாக்கா இது, சாமிக்குப் புடவை நெய்யிற வீட்ல மீன் வேவுது?"

"பாவுல தடவுறியே கஞ்சி, அதுவும் வெந்ததுதானே? அது மட்டும் சாமிக்கு ஆவுதா?"

"தெருவே பேசும்."

"பேசட்டும். பூனை செத்தா, பேசுறவங்களையே கூப்பிட்டு எலி புடிக்கச் சொல்லு."

"ஒண்ணு இந்த வீட்ல நான் இருக்கணும், இல்ல அந்தச் சட்டி இருக்கணும்."

"நீ எங்கப்பா போவ? தறி இங்கதான இருக்குது."

பூனை சாறு முழுவதையும் நக்கிக் குடித்தது. சாயங்காலமும் ஊற்றினாள்.

மறுநாள் காலை கொல்லைச் சாம்பல் மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அவள் குனிந்து முகர்ந்து உறுதி செய்துகொண்டாள். பிறகு கருவாட்டையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, பல் விளக்கிக்கொண்டிருந்த கைலாசத்தின் கண்ணெதிரிலேயே மறுபடி அடுப்பு மூட்டினாள்.