பாய் போட்ட ஒட்டு

திருமங்கலத்தைத் தாண்டி இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர் லேப் என் பொறுப்பில் இருந்தது. நெட்வொர்க் சம்பந்தமாக யார் என்ன கேட்டாலும் முதல்வர் என் பக்கம் கையைக் காட்டுவார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. எம்புட்டுப் பிடித்திருந்தது என்பது இந்தக் காரியத்தைச் செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

லேபுக்கும் நூலகத்துக்கும் நடுவே பெரிய மைதானம். குறுக்கே செம்புக் கேபிள் இழுத்திருந்தோம். அந்தக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போனால் தடுமாறும். நடுவில் ஒரு பெட்டியை வைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இறங்கி, கேபிள் வழியாகவே ஏறி, இரண்டு முனையிலும் இருந்த பெட்டிகளைக் கருக்கிவிட்டது. கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிக்கு ஹப் என்று பெயர். நூலகத்தில் கருகிப்போன ஹப்புக்குப் பதிலாக, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஹப் ஒன்றைத் தூசி தட்டி நானே கொண்டுபோய் வைத்தேன்.

இனி ஃபைபர்தான் என்று முடிவானது. கண்ணாடி இழையில் போவது வெளிச்சம். இடி அதில் ஏறாது. ஆனால் எங்கள் மெஷின்களுக்குச் செம்புதான் தெரியும். அதனால் முனைக்கு ஒன்றாக மீடியா கன்வெர்ட்டர் வேண்டும். கைக்கு அடக்கமான இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் செம்புக் கேபிளைச் செருகினால் மறுபக்கம் வெளிச்சமாக அனுப்பும். அந்த முனையில் இருக்கும் ஜோடிப் பெட்டி அதைத் திரும்ப மின்சாரமாக்கும். கேட்லாக் நான்கை வரவழைத்து நானே தேர்ந்தெடுத்தேன். எங்கள் இழை எந்த வகை, எவ்வளவு தூரம் ஓட வேண்டும், முனையில் எந்தக் கனெக்டர் என்று ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்தேன். முதல்வரிடம் அரை மணி நேரம் விளக்கினேன். கண்ணாடிப் பக்கத்தை அம்புட்டுக் கவனமாகப் பார்த்தவள், செம்புப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

இழையை ஒட்ட மதுரை டவுனிலிருந்து ஒரு பாய் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். டெலிபோன் கேபிளில் ஒட்டுப் போட்டுப் பழகி, பிறகு மெஷின் வாங்கி ஃபைபருக்கு மாறியவர். அதிகம் பேச மாட்டார். மதியத்துக்குள் வேலையை முடித்தார். கன்வெர்ட்டர்களைப் போட்டோம். நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை. புத்தகம் எடுக்க வந்த மாணவிகள் சுற்றி நின்றார்கள். முதல்வரும் வந்துவிட்டார்.

"ஒட்டு சரியில்ல பாய்" என்றேன்.

"ஃபைபர் லைட்டு எரியுது பாருங்க டீச்சர். அந்தப் பக்கமும் எரியுதான்னு கேட்டுட்டேன். எரியுதாம்."

"லைட்டு எரிஞ்சா போதுமா? டேட்டா வரணும்ல."

அவர் என்னையும் பார்த்தார், மேசைமேல் இருந்த ஹப்பையும் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கினார். போட்ட ஒட்டை வெட்டி மறுபடி போட்டார். வரவில்லை. மூன்றாவது முறையும் போட்டார். டீ வந்தபோது நோன்பு என்று சொல்லி வேண்டாமென்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் காதில் விழும்படியே முதல்வரிடம் சொன்னேன்:

"டெலிபோன் ஒயர் ஒட்டுன கை சார். ஃபைபருக்கு சரிப்படாது."

பாய் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "வாரேன் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சீக்கிரமே போய், கன்வெர்ட்டரோடு வந்த துண்டுத்தாளை முதல்முறையாக முழுதும் படித்தேன். செம்புப் பக்கம் நூறு எம்பிபிஎஸ் வேகத்தில் மட்டுமே பேசும், வேகத்தை மாற்றித் தராது என்று ஒரு வரி இருந்தது. ஹப்பைத் தூக்கிப் பார்த்தேன். பத்து என்று போட்டிருந்தது. பத்தில் பேசுகிற பெட்டியும் நூறில் மட்டும் பேசுகிற பெட்டியும் எப்படி ஒட்டும்? லேபிலிருந்து இரண்டு வேகத்திலும் பேசும் ஸ்விட்ச் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாற்றினேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது.

வெளியே யாரும் இல்லை. பழைய ஹப்பைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் தள்ளினேன்.

முதல்வர் வந்ததும், "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன் சார். மூணாவது ஒட்டு பிடிச்சுக்கிருச்சு" என்றேன். அவர் பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.

சில மாதம் கழித்து விடுதிக்கும் ஃபைபர் போட்டார்கள். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். "அந்த பாய் வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களே" என்றார் முதல்வர். நான் தலையாட்டினேன். அன்று வீட்டில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பாயின் கடையைத் தேடிப் போனேன். மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

"தெரியும் டீச்சர்" என்றார். "ஹப்புல பத்துன்னு போட்டிருந்துச்சு. அன்னைக்கே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்."

"பிள்ளைகள வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? நீங்களே பாத்துப்பீங்கன்னு நெனச்சேன். பாத்துட்டு ஒரு போன் பண்ணுவீங்கன்னும் நெனச்சேன்."

அப்போதுதான் நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பிரின்சிபால் சார்ட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை முதல்வரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இதுக்குப் போயா இம்புட்டுக் கலங்குறீங்க? முடிஞ்சுபோன கதை." அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இனி ஒட்டு வேலைக்கு அந்த பாயைத்தான் கூப்பிட வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார்.

பாய் வந்தார். அதற்குப் பிறகு பல தடவை வந்தார். மழையில் அறுந்த இழையை ஒட்டித் தந்தார், புது பில்டிங்குக்கு இழுத்துத் தந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை என்னிடம் நீட்டுவார். "எந்த முனையில என்ன பெட்டி, என்ன வேகம்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க டீச்சர்" என்பார். நான் எழுதிக் கொடுப்பேன். அவர் கண்ணாடியை மாட்டி ஒருமுறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்.