இடது முன்சக்கரத்தின் சூடு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் தூத்துக்குடியில் பிரேக் கோளாறு என்றால் என்னிடம்தான் வரணும். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை இது, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளையூரணி போகிற ரோட்டில் என் ஒர்க்‌ஷாப். தகரம் முதல் தரை வரை என் கையால் போட்டது. வண்டி வாசலுக்கு வரும்போதே எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னையே போன பங்குனியில் ஒரு நாள் காலை ஒரு சக்கரம் சோதித்துப் பார்த்துவிட்டது.

வந்தவர் ஓர் உப்பளத்து முதலாளி, என் பழைய வாடிக்கை. காரை அவரே ஓட்டி வந்தார். அவருடைய டிரைவர் பக்கத்து சீட்டில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு ஆள், பதினோரு வருஷமாக அவரிடம் ஓட்டுகிறவன்.

“அண்ணாச்சி, முன்பக்கப் பிரேக்கு பேடு நாலே மாசத்துல தேஞ்சு கிர்ருங்கு. இவன் எந்நேரமும் பிரேக்குல கால வச்சேதான் ஓட்டுதான். நீரு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும், இன்னைக்கே இவன வேலைய விட்டு நிப்பாட்டிருதேன்.”

டிரைவர் இறங்கி என் பக்கம் வந்தான். “நேத்தே நாலு முதலாளிமாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாவ அண்ணாச்சி. இனி எனக்கு எவன் வண்டி தருவான்?”

அவன் சொன்னது சரிதான். உப்பளத்துக்காரர்கள் ஒருவர் வாய்க்கு ஒருவர் காது. வண்டியைக் கெடுக்கிறவன் என்று பெயர் விழுந்துவிட்டால் இந்தக் கரையில் வேறு வேலை கிடையாது.

ஜாக்கி போட்டு முன்சக்கரம் இரண்டையும் கழற்றினேன். வலது பக்கம், டிஸ்க் என்கிற சுழல் தட்டை உள்ளும் வெளியுமாக அழுத்திப் பிடிக்கிற இரண்டு பேடும் ஒரே கனம், பாதி கூடத் தேயவில்லை. இடது பக்கத்தில் வெளிப் பேடு புதுசு மாதிரி இருக்கிறது. உள் பேடு இரும்பைத் தொட ஒரு நூல்தான் பாக்கி. அதைப் பார்த்ததுமே எனக்குக் கை பரபரத்துவிட்டது.

“ஏலே, பிரேக்க எந்தக் கால்ல மிதிக்க?”

“வலது கால்ல அண்ணாச்சி.”

“அந்தக் காலு இடது சக்கரத்த மட்டும், அதுலயும் உள்பக்கத்த மட்டும் தேடிப் போயி மிதிக்குமோ?”

அவன் சிரிக்கலாமா வேண்டாமா என்று முதலாளியைப் பார்த்தான். முதலாளி விடவில்லை. “அப்ப மட்டமான பேட வாங்கி மாட்டியிருப்பான்.”

“மாட்டுனது நான்லா” என்றேன்.

வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார். சக்கரங்களை மாட்டி, அவரையே ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிரைவர் பின்னால். லாரி வராத உப்பளத்து ரோட்டில் மெதுவாக இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பணும், பிரேக்கைத் தொடவே கூடாது, கியரைக் குறைத்து, கடைசியில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தணும். ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். “காலத் தூக்கி மடியில வச்சிக்கிடும்” என்று நான் சொல்ல, பின்சீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

திரும்பி வந்ததும் சக்கரத்துக் கண்கள் வழியே டிஸ்க் மேல் தண்ணீர் தெளித்தேன். வலது டிஸ்க்கில் தண்ணீர் சும்மா வழிந்தது. இடது டிஸ்க்கில் சொய்ங் என்று ஆவி பறந்தது. முதலாளி விரலை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மிதிக்காத பிரேக் ஒரு பக்கம் மட்டும் கவ்விக்கொண்டு நிற்கிறது. டிரைவர் கால் மேல் பழி இல்லை என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

ஆனால் ஏன் கவ்வுகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் எனக்கு டீ இறங்காது. கேலிப்பர் என்பது டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகிற வாய். உள்பக்கம் இருக்கிற பிஸ்டன் தள்ளும்போது, கேலிப்பர், பின் என்று சொல்கிற இரண்டு இரும்புக் குச்சிகள் மேல் வழுக்கி நகரணும். அப்போதுதான் வெளிப் பேடும் வந்து பிடிக்கும். நகராவிட்டால் உள் பேடு ஒன்றே உழைத்துத் தேயும். பிஸ்டனை அமுக்கினேன், வழவழவென்று உள்ளே போனது. மேல் பின் விரலால் தள்ளவே ஓடியது. கீழ் பின் அசையவில்லை. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகித் திருகி உருவினேன். அதில் மட்டும் இருக்கிற ரப்பர் வளையம், ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பிப்போய் இருந்தது. மோந்து பார்த்தேன். பழைய இன்ஜின் ஆயில்.

அந்த ஆயில் என்னுடையது.

உப்புக் காற்று இரும்பைத் தின்கிற ஊர் இது. அதனால் வண்டிக்கு அடியில் பழைய ஆயிலைப் பிரஷ்ஷால் பூசுவது இங்கே எல்லாரும் செய்வதுதான். நான் எல்லாரையும் விட ஒரு படி மேலே போகிறவன். உப்பளத்தில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம்தான் சேற்றில் இறங்கும் என்று கணக்குப் போட்டு, இந்தக் கார் உட்பட உப்பளத்து வண்டிகளுக்கெல்லாம் இடது முன்சக்கரத்துக் கேலிப்பர் பின்களின் ரப்பர் உறையைத் தூக்கி உள்ளேயும் நாலு சொட்டு விட்டிருந்தேன். மாதாமாதம். இன்ஜின் ஆயில் பட்டால் அந்த ரப்பர் வீங்கும். அதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது. அது என் அலமாரியிலேயே இருக்கிறது.

உப்பு ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டால் என் பெயர் தப்பும். ஆனால் இவர் என்ன கேட்பார் என்பது தெரியும்: சேற்றில் இறக்கியது யார்? மறுபடியும் அவன் தலையில்தான் வந்து விழும்.

“அண்ணாச்சி, இது நான் விட்ட ஆயிலு” என்றேன்.

“நீரா?”

“நானேதான். கெடுத்ததும் நான், கண்டுபிடிச்சதும் நான். வேற எவங்கிட்டயாவது போயிருந்தீருன்னா புதுப் பேட மாட்டி அனுப்பியிருப்பான், அதுவும் நாலு மாசத்துல போயிருக்கும்.”

நான் புது ரப்பர் போட்டு, சரியான கிரீஸ் தடவி, புதுப் பேடுகளை மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். தங்குதடையில்லாமல் சுற்றியது. மூன்று பேரும் அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சரி, நீயே எடு. போவோம்” என்றார் முதலாளி.

டிரைவர் நகரவில்லை. “அந்த நாலு பேருக்கும் ஒரு போன் போட்டுருங்க மொதலாளி.”

குரலை உயர்த்தவே இல்லை அவன். முதலாளி என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்தார். முதல் ஆளிடம், “நேத்து நான் சொன்னது தப்பு, பய நல்லாத்தான் ஓட்டுதான். மெக்கானிக்கு செஞ்ச கோளாறு” என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. பின் என்கிறார், ரப்பர் என்கிறார், முன்னுக்குப் பின் முரணாக உளறுகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டேன்.

“நான்தான் பேசுதேன் அண்ணாச்சி. இவங்கிட்ட ஒரு குத்தமும் இல்ல. உம்ம வண்டிக்கும் நான்தான ஆயில் அடிக்கேன்? நாளைக்கே கொண்டு வாரும், இடது முன்சக்கரத்தைக் கழத்திப் பாக்கணும்.”

மற்ற மூன்று பேருக்கும் நானே பேசினேன்.