வேலுச்சாமி குதிச்ச குதி

கண்டமனூர்க் காட்டில் கரண்டு எடுக்குற காத்தாடிக்கு கிரீஸ் போடுற வேலை வேலுச்சாமிக்கு. எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்குற ஆளு. அப்பேர்ப்பட்டவனுக்குத் தரையில நின்னு பத்தடி குதிக்கணும்னு ஏன் ஆசை வந்துச்சோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாற்றலாகிப் போன இன்ஜினியர் ஒருத்தர் தன்னோட பவர் கைட்டை இவன்கிட்டக் கொடுத்துட்டுப் போனார். ஆளையே இழுக்குற பட்டம் அது. நூலெல்லாம் ஒரு கட்டையில வந்து சேரும். கட்டையை இடுப்பு பெல்ட்டில மாட்டிக்கணும். பட்டத்தை ஓரத்துலருந்து சட்டுன்னு உச்சிக்குக் கொண்டாந்து கட்டையை இழுத்தா, ஆள் மேல போவான். பயமா இருந்தா கட்டையை விட்டுறணும், இழுவை செத்துரும். செல்போன்ல பார்த்து எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டான். ஆனா கை கேக்கணுமே. சுருளிப்பட்டியில மலைமாடு மேய்ச்ச குடும்பம். மாடு திமிறினா கயித்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிற கை. ஆனி மாசம் பூரா பட்டம் இவனைச் சீமைக்கருவேல முள்ளுக்குள்ள தரதரன்னு இழுத்துட்டுப் போச்சு.

முட்டி உரிஞ்சு வர்றவனுக்கு மஞ்சள் பத்துப் போட்டவ பொண்டாட்டி கயல். சின்னமனூர்ல பிளவுஸ் தைக்கிறவ.

"இந்த வயசுல குதிச்சு என்னத்தக் கிழிக்கப் போறீக?"

"ஒரே ஒரு தடவ புள்ள. அதோட மூட்டை கட்டிப் பரண்ல போட்டுறேன்."

அப்பத்தான் அந்தக் கேடுகெட்ட யோசனை வந்துச்சு. காளையைத் தொழுவுலருந்து கொண்டு போறப்ப ஒருத்தன் மட்டுமா பிடிப்பான்? ரெண்டு பக்கமும் கயிறு போட்டு ரெண்டு பேர் பிடிப்பாக. அதே மாதிரி பெல்ட்டுக்குப் பின்னால பத்தடி மாட்டுக்கயித்தை முடிஞ்சு, மறுமுனையைக் கயல் கையில கொடுத்தான். பட்டம் இழுத்துட்டு ஓடினா அவ பின்னால இழுத்து நிறுத்தணும், அவ்வளவுதான். "கையில சுத்திக்கிறாத. நான் மேல போனா விட்டுரு"ன்னு சொன்னான். சொன்னது உண்மை. பொய் சொல்லக் கூடாதில்ல.

ஆடி முதல் வெள்ளி, மலையாளத்துப் பக்கமிருந்து காத்து பேயாட்டம் ஆடிக்கிட்டு வந்துச்சு. பட்டத்தை உச்சிக்குக் கொண்டாந்தான், கட்டையை இழுத்தான், கால் தரையை விட்டுச்சு. ரெண்டு ஆள் உயரம். அடேயப்பா, அப்படி ஒரு சந்தோசத்தை அவன் கல்யாணத்தன்னைக்குக்கூட அனுபவிச்சதில்ல. வாய்விட்டுச் சிரிச்சான். பின்னால ஒரு பாரம் தொங்குனது அந்தச் சிரிப்புல அவனுக்கு உறைக்கவே இல்ல. பூவாட்டம் வந்து இறங்குனான். திரும்பிப் பார்த்தா, கயல் கல்லுமேல கிடக்குறா, வலது தோள் மடங்கிப் போய்.

தோள்ல நரம்பு வேரோட பிஞ்சிருச்சுன்னு மதுரையில டாக்டர் சொன்னாக. கை உடம்போட இருக்கு, ஆனா ஊசி பிடிக்காது. தையல் மிஷின் துணி போர்த்திக் கிடக்கு.

பார்க்க வந்தவுககிட்டயெல்லாம் வேலுச்சாமி ஒரே பாட்டைத்தான் பாடினான்: "சுத்தாதன்னு சொன்னேன், சுத்திக்கிட்டா." மார்க்கையன்கோட்டையிலருந்து வந்த மாமனார் சீனிச்சாமிகிட்டயும் அதேதான். கயல் பக்கத்துலதான் படுத்திருந்தா. மறுத்து ஒரு வார்த்தை பேசல. சொல்லிச் சொல்லி, பாவிப்பய, அவனே அதை நம்பிட்டான்.

கார்த்திகையில ஒருநாள் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கிட்டே, "நீ மட்டும் கயித்தச் சுத்தாம இருந்திருந்தா"ன்னு இழுத்தான்.

"நான் சுத்தலங்க. வெறுமனதான் பிடிச்சிருந்தேன்"னு சொன்னா கயல்.

"பெறகு ஏன் விடல? விட்டுருன்னு சொன்னேன்ல?"

"நீங்க மேல போயிக்கிட்டே இருந்தீக. விட்டா திரும்பி வரமாட்டீகன்னு பயந்துட்டேன்."

அவனுக்கு அதுக்கு மேல சீப்பு ஓடல.

விடிஞ்சதும் மார்க்கையன்கோட்டைக்கு பஸ் ஏறினான். வயலுக்குக் கிளம்பின சீனிச்சாமியை வாசல்லயே நிப்பாட்டி, "மாமா, அவ கயித்தச் சுத்தல. நாந்தான் வாய் கூசாம அவமேல பழியப் போட்டுட்டேன்"னு சொல்லி, ஏங்கி ஏங்கி அழுதான்.

சீனிச்சாமி மண்வெட்டியைச் செவுத்துல சாய்ச்சு வச்சார்.

"தெரியும் மாப்ள. ஆஸ்பத்திரியிலயே என் மக மணிக்கட்டப் பார்த்தேன். கயித்துத் தடம் இல்ல. நீங்களா வந்து சொல்லுவீகன்னுதான் இருந்தேன்."