எந்தப் பக்கமும் சாயாத படிகம்

மின்சாரம் கடத்தாத இரண்டு ஆக்சைடுகளை ஒட்டவைத்து, ஒட்டிய இடத்தில் ஓடும் மின்சாரத்தை அளப்பது என் தொழில். ஆராய்ச்சி என்று இறங்கி, என்ன செய்கிறோம் என்று வீட்டில் சொல்ல முடியாமல் விழித்தவர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு விளக்கியது

தில்லி ஜனக்புரி வீட்டில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னதான் ஆராய்ச்சி செய்கிறாய் என்று பிடித்துக்கொண்டார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேள்வியை விடமாட்டார். "தண்ணீர் குளிர்ந்தால் உறைந்துவிடும். எங்கள் ஆக்சைடுப் படிகம் அப்படியில்லை. எவ்வளவு குளிரவைத்தாலும், அணுக்கள் ஒரு பக்கமாகச் சாய்வதா வேண்டாமா என்று விளிம்பிலேயே ஊசலாடும். அதற்குக் குவாண்டம் மாறுநிலை என்று பெயர். அந்த ஊசலாட்டம் அங்கே ஓடும் எலக்ட்ரான்களை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்கிறேன்" என்றேன்.

அப்பா காபியைக் கீழே வைத்தார். "அதுக்கே ஒரு முடிவு தெரியலைன்னா, நீ எப்பம்மா முடிப்ப?"

ஒயரா, விஷயமா?

குளிரக் குளிர மின்தடை எப்படிக் குறைய வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வளைகோடு உண்டு. என் கோடு அதை விட்டுவிட்டு வேறெங்கோ போனது. படிகத்தின் தவிப்பு எலக்ட்ரான்களுக்கும் தொற்றிவிட்டதா, இல்லை நான் ஒட்டிய ஒயர் சரியில்லையா? ஒயர்தான் என்றால் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே போய்விடும். உதவித்தொகையும் முடியப்போகிற நேரம்.

என் நெறியாளரிடம் காட்டினேன். கான்பூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேட்டா, இது ஒயர் கோளாறா இருக்கலாம், கண்டுபிடிப்பாவும் இருக்கலாம். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

ஜூன் மாதத்துக் குளிர்

மறுபடி அளக்கலாம் என்று புதுப் படிகத்தில் புது ஒயர் ஒட்டிக் குளிரூட்டும் கருவிக்குள் வைத்தேன். பாதியில் அந்தக் கருவிக்குக் குளிர்நீர் அனுப்பும் சில்லர் நின்றுவிட்டது. வெளியே அனல், உள்ளே வெப்பநிலை ஏறிக்கொண்டே போக, எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெக்கானிக் அண்ணன் வந்து சரிசெய்தார். கைகளைத் துடைத்துக்கொண்டே, உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். சின்னக் கல் மாதிரி ஒன்று என்றேன்.

"மேடம், தில்லியில மனுஷன் வெந்துட்டிருக்கான், நீங்க கல்லுக்கு ஏசி போடறீங்களா?"

இரண்டு பதில்கள்

மறுபடி குளிரவைத்தோம். அதே கோடு, அதே வளைவு! சந்தோஷத்தில் இரண்டு கோட்பாட்டாளர்களுக்கு அனுப்பினோம். ஒருவர், ஊசலாட்டம்தான் காரணம் என்றார். மற்றவர், படிகத்தில் ஆக்சிஜன் விட்டுப்போன இடங்கள்தான் காரணம் என்றார். இரண்டையும் படித்தேன், இரண்டும் சரியாகவே பட்டன. ஒன்றும் புரியாமல் நெறியாளரைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். "அச்சா, ஒயர் சரியா இருக்கு. இனிமே நாம தைரியமா குழம்பலாம்."

அத்தியாயம் தப்பியது, பட்டமும் வந்தது. ஆக, ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை என்பதை ஐயமற நிரூபித்து டாக்டர் ஆனவள் நான்.