செலியோ மேசையில் தட்டுகிறார்

1

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெருமைப்படுகிற விஷயமில்லை.

நாங்கள் அரைகுறை நோர்வேஜிய மொழியோடு வந்தவர்கள். வேலை முடியும்போது கணினியில் ரப்போர்ட் எழுத வேண்டும். அதற்கென்று பத்துப் பன்னிரண்டு வசனங்களைப் பாடமாக்கி வைத்திருந்தோம். நன்றாகச் சாப்பிட்டார். நன்றாக நித்திரை கொண்டார். 'ஊரூலி', அதாவது அமைதியில்லாமல் இருந்தார். இப்படி எழுதினால் பிழையும் வராது, கேள்வியும் வராது.

2

செலியோ பிரேசில்காரர். எண்பத்திநாலு வயது. அறிமுகத் தாளில் 'இசைக்கலைஞர்' என்று ஒரேயொரு சொல். அவரோடு ஒரு கிட்டார்கூட வரவில்லை, யாரோ கல்யாண வீட்டு வாத்தியக்காரர் என்று விட்டுவிட்டேன். மறதிநோயில் நோர்வேஜிய மொழி முழுக்கப் போய்விட்டது. காலைச் சாப்பாடு முடிந்ததும் மருந்துக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, அதிலும் மேசையிலும் விரல்களால் தட்டுவார். ஓரிடத்தில் நிறுத்துவார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பக்கத்து மேசைக்காரி முறைப்பாடு செய்தார்.

பொறுப்புத் தாதி சுகந்தி எங்கடை ஆள். "அக்கா, வெள்ளிக்கிழமை டொக்டர் வாறார். செலியோ தட்டுறதை எழுதிவிடுங்கோ," என்றாள்.

எழுதினேன். செலியோ மேசையில் தட்டுகிறார், ஊரூலி. அந்தக் கிழமை ஐந்து நாளும் அதையே எழுதினேன். டொக்டர் அமைதிப்படுத்தும் குளிசையைக் கூட்டினார். அடுத்த கிழமை விரல்கள் மடியில் கிடந்தன. 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு, ட்வெய்ட்டா ரயில் நிலையத்தில் இறங்கி மரக்கறி வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

3

பிறகு, ஒஸ்லோவில் வளர்ந்து பிரேசிலுக்குத் திரும்பியிருந்த மகள் மரினா வந்தாள். தகப்பன் யாரென்று அவள் சொல்லித்தான் தெரியும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். வாத்தியம் எதுவும் தெரியாது. தீப்பெட்டியில் தட்டித் தட்டியே பாட்டுக் கட்டியவர். அந்த நாட்டில் சந்தை, பேருந்து, காற்பந்துத் திடல் எங்கும் அவர் பாட்டுத்தானாம். இராணுவ ஆட்சி பாட்டுகளைத் தடை செய்து அவரையும் சிறையில் போட்டது. அங்கே சுவரில் தட்டினாராம். அகதியாக ஒஸ்லோவுக்கு வந்தபின் இத்தனை வருடத்தில் ஒரு பாட்டும் வரவில்லை.

"போன மாதம் தொலைபேசியில் தட்டல் கேட்டது. அப்பா பாட்டுக் கட்டுகிறார் என்று ஓடிவந்தேன். யாராவது பதிவு செய்தீர்களா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

சுகந்தியிடம் போய்க் குளிசையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். குறைத்தார்கள். மரினா இரண்டு கிழமை கோப்பையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். விரல் அசையவில்லை. கடைசியில் என்னைத் தட்டிக் காட்டச் சொன்னாள். ஐந்து காலை பக்கத்தில் நின்றவள் நான். மூன்று தட்டுக்கு மேல் எனக்கு வரவில்லை. அதுவும் சரியோ தெரியாது.

"நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லையே அக்கா," என்றாள் சுகந்தி. நானும் அகதியாக வந்தவள்தான். தஞ்சம் கேட்ட விசாரணையில் நான் சொன்னதையெல்லாம் யாரோ இரண்டு வரியில் எழுதி முடித்ததற்கு எவ்வளவு அழுதிருக்கிறேன்.

பிள்ளைகளே, கண்டதை எழுதுங்கள். தட்டினால் எப்படித் தட்டினார், எங்கே நிறுத்தினார் என்று எழுதுங்கள். சொல் தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள்.

செலியோ அந்த மாரிக்குளிரில் இறந்தார். அன்றைக்கும் வேலையில் நான்தான். என்ன எழுதுவதென்று கணினிக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். 'அமைதியாகப் போனார்' என்றே எழுதினேன்.