சிப்பித் திருவிழாவுக்குப் போகாதவள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோல்வே என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே கடலோர நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு சுவர். நடந்து போகிறவர்கள் அந்தச் சுவரைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஏன் என்று கேட்டால் ஊர்க்காரருக்கே சரியாகத் தெரியாது. எழுபதுகளின் நடுவில் சிட்னியில் யாருக்காவது இந்தச் செய்தி தெரிந்திருந்தால், அதைச் சொன்னது அநேகமாக நானாகத்தான் இருக்கும். நான் கோல்வேயைக் கண்ணால் கண்டதில்லை. இன்றைக்கும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் படிப்பை முடித்த கையோடு அக்காவும் அத்தானும் என்னைச் சிட்னிக்குப் பக்கத்தில் பென்டில் ஹில்லுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீட்டில் சும்மா இருக்க எனக்குப் பொறுக்கவில்லை. நகரத்தில் வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியின் பாட்டனார் அயர்லாந்திலிருந்து வந்தவர். வாடிக்கையாளரும் அந்த வழிதான். பிறந்த நாளிலிருந்து சிட்னியை விட்டு நகராதவர்கள், ஆனால் பேரப்பிள்ளைகளுக்கு "எங்கள் ஊரை" ஒருதரம் காட்டிவிட வேண்டும் என்று துடிப்பவர்கள். அந்த ஊரை அவர்களும் கண்டதில்லை. அந்த வகையில் நாங்கள் எல்லாரும் ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதலாளி தட்டச்சுப் பண்ணத் தந்த கோல்வே விவரம் மருந்துச் சீட்டு மாதிரி இருந்தது. ஆற்றுப்பாலம், தேவாலயம், ஹோட்டல். நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். நூலகத்தில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். அங்கே போய் வந்தவர்களைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்டேன். ஆறு கடலில் விழுகிற இடத்தில் அன்னங்கள் கூட்டமாக நிற்கும், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அவற்றுக்குப் போட ஒரு றாத்தல் பாணும் கொண்டுபோங்கள். கோடையில் குதிரைப் பந்தயம், பந்தயம் பிடிக்காதவர்கள் பெண்களின் தொப்பிகளைப் பார்க்கப் போகலாம். தீவுகளுக்குப் படகில் போனால் திரும்பி வருகிறபோது காற்று எதிர்க்கும், பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். செப்ரெம்பரில் சிப்பித் திருவிழா, முதல் சிப்பியை நகரபிதா திறந்து விழுங்கினால்தான் ஊர் வாய் வைக்கும்.

முதலாளி வாசித்துவிட்டு, "நீ அங்கேதான் பிறந்தாயோ?" என்று கேட்டார். சிரித்தார். அதன்பிறகு தேவாலய மண்டபங்களில் சிலைட் படம் காட்டுகிற வேலையும் எனக்கே வந்தது. சேலை கட்டிய ஒரு கறுத்தப் பெட்டை திரைக்குப் பக்கத்தில் நின்று அவர்களுடைய ஊரைப் பற்றி மூச்சு விடாமல் பேசுகிறாள். முதலில் கதிரைகள் கிறீச்சிடும். சுவரைத் தட்டுகிற கதை வரும்போது ஒருவரும் அசைய மாட்டார்கள்.

அந்த வருடச் சிப்பித் திருவிழாவுக்குக் குடும்பங்களாக ஒரு கூட்டம் சேர்ந்தது. அவர்களோடு வழிகாட்டியாக ஒருவர் போக வேண்டும். வழிகாட்டிக்குக் கந்தோரின் பச்சை பிளேசர், கீழ்மாடித் தையற்காரர் அளவெடுத்துத் தைப்பார். கடைசிக் குடும்பமும் சேர்ந்த அன்று முதலாளி என் மேசையில் கை வைத்துச் சொன்னார்: "இவர்களை நீ கூட்டிக்கொண்டு போ. என்னைவிட உனக்குத்தான் அந்த ஊர் தெரியும்."

அன்று ரயிலில் நான் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு முதலாளி அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கீழ்மாடிக் கடை மேசையில் பச்சைத் துணிச் சுருள் வந்து கிடந்ததைக் கண்டேன். அளவெடுக்கக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

"போய்க் கேள். இங்க வாயத் திறந்து கேட்டாத்தான் தருவினம்" என்றார் அத்தான்.

"அவர் பெரிய மனுசன், தன்ர வாயால சொல்லிப்போட்டார். பிறகும் போய் நச்சரிக்கிறதே? மரியாதை இல்லாத வேலை" என்றாள் அக்கா, குசினி அடுப்படியிலிருந்து.

"மரியாதையோட வீட்டில இருக்கட்டும் அப்ப."

"நீங்கள் சும்மா இருங்கோ. ஆளை வெருட்டாதேங்கோ."

எனக்கு அக்கா சொன்னதுதான் சரியாகப் பட்டது. எங்கள் வீடுகளில் பெரியவர் ஒரு சொல் தந்தால் அதை இரண்டாம் தரம் கேட்பது அவரைப் பொய்யர் என்பது போல. அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். ஊர் ஊராகப் போய் அவர்களுடைய பழக்கங்களை விளக்கியவளுக்கு, கேட்டால்தான் கொடுப்பார்கள் என்ற இந்தப் பழக்கம் மட்டும் தெரியாமல் போயிற்று.

பயணத்துக்கு முந்திய ஒன்றுகூடல் சனிக்கிழமை பின்னேரம் என்று வைத்தார்கள். அன்று ஆடி அமாவாசை. அப்பா செத்த பிறகு அந்த விரதத்தை அக்காவும் நானும்தான் பிடித்தோம், ஆண்பிள்ளை இல்லாத வீடு. ஊரில் கீரிமலைக் கேணியில் முழுக வேண்டிய நாளில், சிட்னிக் குளிருக்குள், குளியலறையில் தலைக்கு வார்த்தோம். அன்றைக்கென்று சமைக்கிற கசப்புக் காத்தோட்டிக்காய்க்கு எங்கே போவது? அக்கா சீனக் கடையில் பாகற்காய் வாங்கி வந்து சமைத்தாள். மத்தியானம் அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்து, ஒருநேரச் சோறு சாப்பிட்டோம். இனி அன்றைக்கு வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. அந்தக் கைப்பு நாக்கில் இருக்கவே நான் மண்டபத்துக்குப் போனேன்.

மண்டபத்தின் நடுவில் ஒரு தட்டு நிறையப் பனிக்கட்டி. அதன்மேல் சிப்பிகள். முதலாளியின் ஏற்பாடு. நான் பேசி முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டு பேரப்பிள்ளைகளோடு போக இருந்த ஒரு கிழவி எழும்பி, "நகரபிதா இல்லை, அதனால் இந்தப் பிள்ளைதான் முதல் சிப்பி தின்ன வேண்டும்!" என்று கத்தினார். மண்டபம் முழுக்கக் காலைத் தட்டியது. யாரோ ஒரு சிப்பியைத் திறந்து என் கையில் வைத்துவிட்டார்கள்.

மற்ற நாளென்றால் விழுங்கியிருப்பேன். மீனும் நண்டும் தின்று வளர்ந்த வாய்தான். சிப்பி ஓட்டில் கொஞ்சம் உப்புத் தண்ணீர், நடுவில் சாம்பல் நிறத்தில் அது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி விழுங்கினால் கோல்வே என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்றும் தோன்றியது.

"இண்டைக்கு ஏலாது" என்பதை ஆங்கிலத்தில் எப்படியோ சொன்னேன். அப்பாவுக்கான விரதம் என்றேன். சிலர் "ஓ" என்றார்கள். கிழவி என் முழங்கையைத் தொட்டு, "பரவாயில்லை பிள்ளை, உன் அப்பா சந்தோசப்படுவார்" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "சிப்பி தின்னாத ஆளா எங்களைச் சிப்பித் திருவிழாவுக்குக் கூட்டிப்போகுது?" என்றான். பெரிய சிரிப்பு. முதலாளியும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

திங்கட்கிழமை காலை கந்தோருக்குள் முதலாளியின் தங்கை மகன் நின்றான். என் வயதுதான் இருக்கும். செம்பட்டைத் தலை. பச்சை பிளேசர் போட்டிருந்தான்.

"அவன் போகட்டும் என்று முடிவெடுத்திருக்கிறேன்" என்றார் முதலாளி. "சனிக்கிழமை பார்த்தாய்தானே. நீ சிப்பியே தின்னமாட்டாய். நாளைக்கு அங்கே போய் நின்று சங்கடப்படக்கூடாது. உன் நன்மைக்குத்தான்."

நான் அவனுடைய தோளைப் பார்த்தேன். ஒரு சுருக்கம் இல்லை. கை மணிக்கட்டில் வந்து அளவாக நின்றது. உள்ளே பட்டுத் துணி, பையில் கந்தோரின் சின்னம் நூலால் தைத்திருந்தது. கீழ்மாடித் தையற்காரர் ஒரு பொத்தான் தைக்கக் கொடுத்தாலே வாரக்கணக்கில் இழுப்பவர். ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதும் இல்லை.

"இதை எப்ப தைக்கக் குடுத்தீங்கள்?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதை ஒருவழியாகக் கேட்டேன்.

"அவனுக்கு அந்தச் சுவர்க் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொடு" என்றுவிட்டு அவர் தன் அறைக்குள் போனார்.

பையன் நல்லவன்தான், அது இன்னும் எரிச்சல். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் காலால் தட்ட வேண்டும்?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். அன்னம், பாண், தொப்பி, எதிர்க்காற்று, எல்லாவற்றையும். அவன் எழுதிக்கொள்ளவில்லை. நான் எழுதிய விவரம்தான் அவன் கையில் இருந்ததே.

வீட்டுக்கு வந்து, பயணம் இல்லை என்றேன். ஏன் என்று அக்கா கேட்டபோது, சிப்பி தின்னாததால் என்று முதலாளி சொன்னதை அப்படியே சொன்னேன். பிளேசர் கதை வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"பாத்தீங்களே அப்பா, உங்கட பிள்ளை என்ன செய்தவள் எண்டு" என்றாள்.

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிப்பி வெறும் சாட்டு என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

பிறகு சிட்னியில் இருந்த நாலைந்து தமிழ் வீடுகளிலும் அக்கா இதைச் சொல்லித் திரிந்தாள். அப்பாவின் விரதத்துக்காக அயர்லாந்துப் பயணத்தையே வேண்டாம் என்று விட்டவளாம் நான். அன்ரிமார் என் கன்னத்தைத் தடவினார்கள். ஒரு அங்கிள் தன் மகளைக் கூப்பிட்டு, "இந்த அக்காவைப் பார்" என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்னத்தைச் சொல்ல? நான் அப்பாவுக்காக ஒன்றையும் விடவில்லை. அந்தச் சிப்பியை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, விடுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பிளேசர் அப்போதே அந்தப் பையனின் அளவுக்குத் தைத்து முடிந்து கீழ்மாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.